கூரை ஏறுகிறவருக்கும் பயிற்சி வேண்டும்

ஆசிரியருக்கு,

ஐப்பசி மழைக்கு முன் கூரையைச் சுத்தம் செய்யச் சொன்ன உங்கள் கட்டுரை சரிதான். யார் ஏறுவது என்றுதான் அது சொல்லவில்லை.

கம்பம், சின்னமனூர் பக்கம் ஓட்டு வீடுகளும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைகளும் இன்னும் நிறைய. பாசியையும் சருகையும் தள்ளத் தென்னை ஏறுகிறவரையோ சித்தாளையோதான் கூப்பிடுகிறோம். போன வருடம் எங்கள் தெருவில் ஷீட் உடைந்து ஒருவர் உள்ளே விழுந்தார், இடுப்பெலும்பு முறிவு. சட்டத்தின் மேல் பலகை போட்டு அதில்தான் கால் வைக்க வேண்டும், காய்ந்த ஷீட்டைச் சுரண்டினால் நார்த்தூசி நுரையீரலுக்குள் போகும் என்று அவருக்கு யார் சொல்லித்தந்தார்கள்? இப்போது மாடியில் சோலார் தகடு துடைக்கவும் இப்படியே ஆள் தேடுகிறார்கள்.

தேனியில் கனரா வங்கியின் கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி மையம் இலவசமாகத் தொழில் கற்றுத்தருகிறது. கூரை சுத்தத்தையும் அங்கே ஒரு பாடமாகச் சேர்த்து, ஐ.எஸ். 3521 தரமுள்ள சேஃப்டி பெல்ட், கயிறு, ஏணி வாங்கக் கடனும் கொடுக்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், கம்பம்.