யானையின் முதுகும் கமக்காரனின் வயலும்

யாழ்ப்பாணம் செல்லும் பெருவழியில் ஆனையிறவைக் கடக்காதார் நம்மில் மிகச் சிலரே. வன்னிக் காட்டிலே பிடிபட்ட யானைகளை ஆழமற்ற நீரேரி வழியே குடாநாட்டுக்குள் இறக்கிக் கப்பலேற்றிய காலத்தின் நினைவு அப்பெயரில் நிற்கின்றது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அவ்வாணிபத்தில் பொருள் குவித்தனர். பின்வந்த ஆங்கிலேயர், 19ஆம் நூற்றாண்டில், யானையைப் பயிரின் பகையென்று கூறிக் கொன்றவனுக்குப் பரிசும் கொடுத்தனர். அந்நிய ஆட்சி 1948 இல் அகன்றது. யானையை விற்றுப் பிழைக்கும் வழக்கம் அகன்றதா? இல்லை! அன்று யானையை விற்றனர். இன்று அதன் முதுகை மணிக்கணக்கில் விற்கின்றனர்.

ஹபரணை, சிகிரியாப் பகுதிகளில் உல்லாசப் பயணிகளை ஏற்றிச் செல்லும் யானைகளைக் கண்டோர் பலர். அவை எவ்வாறு பணிந்தன என்று கேட்டோர் சிலரே. மாடும் குதிரையும் பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதனிடம் பிறந்து வளர்ந்து பழகியவை. யானையோ பெரும்பாலும் காட்டிலிருந்து பிடித்து அடக்கப்படுவது. தாயினின்றும் பிரித்து, காலைப் பிணித்து, அங்குசத்தின் கூர்மையைக் கற்பித்த பின்னரே அது முழந்தாளிடுகின்றது. மனிதனைப் போல் வியர்த்து வெம்மை தணிக்கும் உடல் அதற்கில்லை. நிழலும் நீரும் சேறும் காதுகளின் வீச்சுமே அதன் துணை. அத்தகைய பிராணியை நண்பகல் வெயிலில் தார் வீதியில் நடத்துவதைப் பொழுதுபோக்கு என்பதா, கொடுமை என்பதா? 2019 இல் சிகிரியாப் பகுதியிலே, பயணிகளைச் சுமந்துவந்த இளம் யானை ஒன்று விழுந்து மாண்ட செய்தியை நாம் மறக்கவில்லை.

சட்டம் இல்லையா எனச் சிலர் வினவலாம். உண்டு. 1907ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் குற்றவாளிக்கு விதித்த தண்டம் 100 ரூபா வரையே. ஒரு நாட் சவாரியின் வருவாயில் அது எம்மாத்திரம்? 2021 இல் வெளியான ஒழுங்குவிதிகள், ஒரு யானைமேல் நால்வருக்கு மேல் ஏறலாகாது, நாள்தோறும் இரண்டரை மணிநேரம் அதனைக் குளிப்பாட்ட வேண்டும், பாகன் மதுவருந்திப் பணியாற்றலாகாது என்று கூறின. நல்ல சொற்களே. ஆயினும் நீதிமன்றப் படிகளில் கால் தேய்ந்தோர் ஒன்றை அறிவர்: கண்காணிப்போர் இல்லாத இடத்தில் பிரமாணம் வெறுங் காகிதம். மேலும், ஐவர் ஏறினால் குற்றம், நால்வர் ஏறினால் நியாயம் என்ற கணக்கை யானையின் முதுகெலும்பு ஏற்குமா?

வேறு வழி உண்டு. அதுவும் இந்நாட்டிலேயே உண்டு. உடவளவையில் 1995 இல் அமைந்த நிலையத்தில், தாயிழந்த கன்றுகள் பாலூட்டி வளர்க்கப்பட்டு மீண்டும் காட்டில் விடப்படுகின்றன. பார்வையாளர் தூரத்திலுள்ள மேடையில் நின்று பார்ப்பரேயன்றித் தொடுவதில்லை. வரட்சிக் காலத்தில் மின்னேரியாக் குளத்தின் புற்றரையில் யானைகள் குடும்பம் குடும்பமாகத் திரளும் காட்சிக்கு நிகரேது? அங்கும் ஜீப்புக்கள் கூட்டத்தை மறித்துக் கன்றைத் தாயினின்றும் விலக்குமாயின், அதுவும் சங்கிலியின் வேறு வடிவமே. தூர நின்று காண்பதே அறம்.

இங்கே நமது கமக்காரர் குறுக்கிட்டு, “யானைக்காக இவ்வளவு இரங்கும் நீங்கள் எங்கள் வேளாண்மைக்காக இரங்கினீர்களா?” எனக் கேட்பர். நியாயமான கேள்வி. 2023 ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 400 க்கு மேற்பட்ட யானைகளும் 150 க்கு மேற்பட்ட மனிதரும் மாண்டனர். மட்டக்களப்பிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் பரணிலே விழித்திருப்பவன் கமக்காரன். யானையைக் காட்டிப் பணம் வாங்குபவன் வேறொருவன். இந்த அநீதி தீராதவரை, யானையிடம் அன்பு காட்டுமாறு வயலிழந்தவனுக்கு உபதேசிக்க எவருக்கும் உரிமையில்லை.

ஆகவே நாம் கோருவது இரண்டு. யானைச் சவாரி முற்றாக ஒழிக. அத்தொழிலை நம்பிய பாகருக்கு மாற்றுத் தொழில் கொடுக்கப்படுக. சரணாலய வாயில்களிற் சேரும் பணத்தில் ஒரு பங்கு, யானை நடமாடும் கிராமங்களுக்குச் சட்டப்படி உரித்தாகுக. கிராமத்தையும் வயலையும் சுற்றி மின்வேலி அமைத்து, கமக்காரரே அதனைப் பராமரிக்கும் முறை 2020ஆம் ஆண்டின் தேசியச் செயற்றிட்டத்தில் எழுதப்பட்டுள்ளது. பணம் அங்கே செல்லட்டும். நட்டஈடும் தாமதமின்றிச் செல்லட்டும். காட்டில் உலவும் யானையால் தன் வீட்டுக்கும் வருவாய் உண்டெனக் கண்ட கமக்காரன், அதன் முதற் காவலனாவான்.

படித்த நண்பர்களுக்கு இறுதியாக ஒரு சொல். கனடாவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் விடுமுறைக்கு வரும் நம் உறவினரும் உல்லாசப் பயணிகளே. அவர்கள் பிள்ளைகளை யானைமீது ஏற்றிப் படம் எடுக்க முற்படும்போது தடுக்கவேண்டியது நம் கடமை. யானைமுகனுக்கு மோதகம் படைத்து வணங்கும் கை, சங்கிலியிட்ட யானைமீது ஏறப் பணம் நீட்டலாமா?