டானிக்குப் புட்டியும் ஒற்றைச் செருப்பும்

இரண்டு வருஷங்களுக்கு முன் ஒரு நாள் சாயங்காலம் என் தாயார் கடைத்தெருவிலிருந்து ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தார். மற்றொன்று எங்கே என்று கேட்டதும், குனிந்து காலைப் பார்த்துவிட்டுத் திகைத்து நின்றார். செருப்பு வழியில் எங்கோ கழன்று விழுந்திருக்கிறது. விழுந்தது அவருக்குத் தெரியவில்லை. வீட்டில் எல்லோரும் சிரித்தோம். எழுபது வயதில் மறதி சகஜந்தானே என்று நான் பெரிய மேதாவியைப் போல் சமாதானமும் சொன்னேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்பொழுது வெட்கமாயிருக்கிறது.

"மறதி இல்லை, அப்பா! கொஞ்ச நாளாகவே பஞ்சின்மேல் நடக்கிறாற்போல் இருக்கிறது. தரை எங்கே இருக்கிறதென்று காலுக்குத் தெரியவில்லை" என்றார் அம்மா.

அதற்கு ஒரு வருஷம் முன்பே அவர் முகம் வெளுத்துக் காணப்பட்டது. மருந்துக்கடைக்காரர் சொற்படி இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் கலந்த ஒரு டானிக்கை வாங்கிக் கொடுத்து வந்தேன். வெளுப்பு மாறி முகத்தில் களை வந்தது. டானிக்கு வேலை செய்கிறது என்று மகிழ்ந்து, ஒரு வேளை கொடுத்ததை இரு வேளையாக்கினேன். முகத்தில் களை ஏற ஏற, காலில் உணர்ச்சி குறைந்துகொண்டே வந்திருக்கிறது. அதை நான் கவனிக்கவில்லை.

கடைசியில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் கேட்ட முதற் கேள்வி, "அம்மா தினம் என்ன சாப்பிடுகிறார்கள்?" என்பதுதான். இரண்டு வேளை ரசஞ்சாதம், நீர்மோர், காலையிலும் மாலையிலும் காப்பி. புலால் கிடையாது, முட்டையும் கிடையாது. போதாக்குறைக்கு, நீரிழிவுக்காகப் பத்து வருஷமாக மெட்ஃபார்மின் மாத்திரை. டாக்டர் தலையை அசைத்துவிட்டு இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். பி12 என்னும் வைட்டமின் அடிமட்டத்துக்கும் கீழே போயிருந்தது.

இங்கே கொஞ்சம் சரித்திரம் சொல்லியாகவேண்டும். 1928-ஆம் வருஷம் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்து, அங்குள்ள ஆலைத் தொழிலாளிகளான கர்ப்பிணிகளைப் பீடித்த சோகையை ஆராய்ந்தார். ஈஸ்டுச் சாறு கொடுத்தால் அந்தச் சோகை தீருகிறது என்று 1931-இல் அறிவித்தார். அதில் அடங்கிய சத்துத்தான் பிற்பாடு ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. 1945-இல் அமெரிக்காவில் அதைச் செயற்கையாக ஆக்கிக் காட்டிய கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் நம்மவர்: பீமாவரத்தில் பிறந்து, சென்னை வைத்தியக் கல்லூரியில் படித்து, மாணவப் பருவத்தில் கதராடை அணிந்ததனால் ஆங்கிலப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளான எல்லாப்பிரகட சுப்பாராவ். எத்தனையோ தாய்மாருக்கு உயிரளித்த மருந்து அது. அதைக் குறை கூறுவது என் நோக்கமன்று.

ஆனால் சோகைக்குக் காரணம் ஒன்றல்ல. பி12 குறைந்தாலும் இரத்தம் கெடும். அத்துடன் நரம்புகளும் கெடும். அந்த நிலையில் ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால், இரத்தம் தேறிவிடும். நரம்போ உள்ளுக்குள் தேய்ந்துகொண்டே போகும். வெளுப்பு என்னும் எச்சரிக்கை மறைந்துவிடுவதால், வீட்டாருக்கும் சந்தேகம் வராது. பி12-ஐப் பிரித்தெடுத்தது 1948-இல்; சுப்பாராவ் நியூயார்க்கில் காலமானதும் அதே வருஷந்தான். இத்தனையும் அச்சாகிப் பல பத்தாண்டுகள் கழிந்த பிறகு, பட்டதாரியான நான் என் தாயாருக்கு இரு வேளை டானிக்கு ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்!

பி12 என்பது கிருமிகள் மட்டுமே உண்டாக்கும் சத்து. பிராணிகளின் மூலமாகவே அது நமக்கு வருகிறது. கீரையிலும் பருப்பிலும் தானியத்திலும் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. தேவையோ மிகச் சொற்பம்: நாளொன்றுக்கு 2 முதல் 2.5 மைக்ரோகிராம் வரை. ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பகுத்தால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம். கால் லிட்டர் பாலில் ஏறக்குறைய 1 மைக்ரோகிராம் இருக்கும். சைவ உணவினர் பாலும் தயிரும் தாராளமாகக் கொண்டால் ஓரளவு சமாளிக்கலாம். காப்பியில் விடும் பாலும், விளாவிய மோரும் கணக்கில் சேரா. வயது ஏற ஏற இரைப்பை அமிலம் குறைந்து, உணவிலுள்ள பி12 உடம்பில் ஒட்டுவதும் குறைகிறது. மெட்ஃபார்மினும், வயிற்றெரிச்சலுக்கு நெடுநாள் உண்ணும் மாத்திரைகளும் அதை இன்னும் குறைக்கின்றன. இப்படிப்பட்டவர்களுக்கு மாத்திரையோ ஊசியோ ஆடம்பரமன்று, அவசியம். நம்முடைய ஆகாரம் புனிதமானது, அதில் குறை இருக்க முடியாது என்ற பெருமை நரம்புக்குச் சோறு போடாது.

இதனால் எல்லோரும் சத்து மாத்திரைகளை வாங்கிக் குவிக்க வேண்டும் என்று ஏற்பட்டுவிடாது. நான் செய்த தவறு வாங்காததன்று, கேட்காமல் வாங்கியது. எந்தப் புட்டியை வாங்குமுன்னும் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். எந்தக் குறையைத் தீர்க்க இது? அந்தக் குறை நமக்கு உண்டென்று எப்படித் தெரியும்? உணவை மாற்றினால் தீராதா? எவ்வளவு, எத்தனை நாள்?

நான்காவது கேள்வியை அலட்சியம் செய்ய வேண்டாம். வைட்டமின் டி குறைந்தவர்களுக்கு வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுக்கப்படும் 60,000 அலகு மருந்தைத் தினம் ஒன்றாக விழுங்குவோர் உண்டு. அந்தச் சத்து நீரில் கரைந்து வெளியேறுவதன்று. உடம்பில் தங்கி, இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தை மிகுவித்துச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

மூன்றாவது கேள்வி சென்ற மாதம் எங்கள் வீட்டிலேயே எழுந்தது. கல்லூரியில் படிக்கும் என் மகன், உடற்பயிற்சிக்கென்று ஒரு பெரிய டப்பா புரதப் பொடி வேண்டும் என்றான். விலையைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. "கணக்குப் போட்டுப் பார்க்கலாம், வா" என்று காகிதத்தை எடுத்தேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கணக்குப்படி, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதும். அவன் எடை 60 கிலோ. ஆகவே 50 கிராம். கடும் பயிற்சிக்காகப் பத்துக் கிராம் கூட்டிக்கொள்வோம். அரிசி 200 கிராமில் 15, பருப்பு 75 கிராமில் 16, வேர்க்கடலை 50 கிராமில் 12, பால் அரை லிட்டரில் 16. ஆக 59.

"சரி, அப்பா! நம் வீட்டில் எனக்குத் தினம் 75 கிராம் பருப்பு எங்கே வருகிறது?" என்று கேட்டான்.

சமையலறையில் போய் விசாரித்தேன். ஐந்து பேருக்குச் சேர்த்து ஒரு வேளைச் சாம்பாருக்கு விழும் பருப்பு 100 கிராம். பையன் சொன்னது வாஸ்தவம். குறை உண்மையிலேயே இருந்தது. ஆனால் அதைத் தீர்க்க டப்பா வேண்டியிருக்கவில்லை. காலையில் பாசிப்பயறும், மாலையில் சுண்டலும், கைப்பிடி வேர்க்கடலையும் ஏற்பாடாயின. குன்னூரில் 1918-இல் பெரிபெரி ஆராய்ச்சிக்காகத் தொடங்கி, பின்னர் ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்த ஸ்தாபனம், 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், உடம்பைப் பெருக்கப் புரதப் பொடிகளை நாட வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது.

மற்றச் சத்துக்களுக்கும் இதே வழிதான். கேழ்வரகு 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. உணவோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் இரும்புச் சத்து நன்றாக ஒட்டும். சாப்பிட்ட கையோடு காப்பி குடித்தால் ஒட்டாது. ஆயினும் கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் மாத்திரையையும், பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு முறை பிள்ளைகளுக்குக் கொடுக்கும் நீல மாத்திரையையும் தட்டிக் கழிக்கக்கூடாது. அவை மேற்சொன்ன நான்கு கேள்விகளுக்கும் விடை கண்டறிந்த பிறகு கொடுக்கப்படுபவை.

என் தாயாருக்கு முதலில் ஊசியும் பிறகு மாத்திரையுமாகச் சிகிச்சை நடந்தது. எட்டு மாதத்தில் பஞ்சின்மேல் நடப்பது நின்று, தரைமேல் நடக்கலானார். இடது கால் விரல்களில் மட்டும் உணர்ச்சி திரும்பவில்லை. இனித் திரும்புவது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சில மாதம் முன்னதாக வந்திருந்தால் என்று அவர் தொடங்கியதை, அம்மாவின் முகத்தைப் பார்த்து, முடிக்காமல் விட்டார்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் வயதான சைவ உணவினர் யாராவது, கால் மரத்திருக்கிறது, ஊசி குத்துகிறாற்போல் இருக்கிறது என்று சொன்னால், மூப்பு என்று சொல்லிச் சிரிக்காதீர்கள். டானிக்கு வாங்கவும் ஓடாதீர்கள். முதலில் அவர்கள் தட்டைப் பாருங்கள். அப்புறம் இரத்தத்தைப் பாருங்கள். அம்மா இப்பொழுது பின்பட்டை வைத்த செருப்புத்தான் போட்டுக்கொள்கிறார். அந்த ஒற்றைச் செருப்பை மட்டும் நான் இன்னும் எறியவில்லை.