பெயர் தெரிந்தால் பயம் தெளியும்

நம் சங்கக் குடும்பங்களில் அறுபதைக் கடந்த பலர், கைபேசியில் வருவதையெல்லாம் "நெட்" என்ற ஒரே சொல்லில் அடக்கி விடுகிறோம். ரயில் டிக்கெட்டானாலும் மின் கட்டணமானாலும் பேரப்பிள்ளையைத்தான் கூப்பிடுகிறோம். பிள்ளைகள் வெளியே போயிருக்கும் நேரத்தில் "இன்றிரவு மின்சாரம் துண்டிக்கப்படும்" என்று ஒரு செய்தி வந்தால், பதறிப் போய் அதில் உள்ளதை அழுத்தி விடுகிறோம். பணம் பறிபோவது அப்படித்தான்.

இதற்கு மருந்து, முதலில் பெயர்களைக் கற்பதே என்பது என் கருத்து. ரயில்வேயில் புதிதாகச் சேருபவருக்குத் தண்டவாளம் எது, பாயிண்ட் எது, சிக்னல் எது என்றுதான் முதலில் காட்டுவோம். பெயர் தெரியாதவரால் பழுதைக் கண்டுபிடிக்க முடியாது.

இணையம் என்பது தண்டவாளம். 1969-ல் அமெரிக்காவில் ஆர்ப்பாநெட்டாகத் தொடங்கிய பாதை, 1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். மூலம் நம் நாட்டுப் பொதுமக்களுக்குத் திறந்தது. வலை, அந்தப் பாதையில் ஓடும் ஒரு வண்டி மட்டுமே. 1989-ல் டிம் பெர்னர்ஸ் லீ அதற்குத் திட்டம் தந்தார். மின்னஞ்சல் வேறொரு வண்டி.

குரோம் போன்ற உலாவி, பக்கங்களைத் திறந்து காட்டும் கருவி. கூகுள் போன்ற தேடுபொறி, விசாரணைக் கவுண்டர். அங்கே முதலில் தெரிவது காசு கொடுத்துப் போட்ட விளம்பரமாகவும் இருக்கலாம். லிங்க் எனப்படும் இணைப்பு, தொட்டவுடன் வேறு பக்கத்துக்குக் கொண்டு செல்லும். மேலே எழுதியிருக்கும் ஊர் ஒன்று, போய்ச் சேரும் ஊர் வேறு என்பதும் உண்டு.

ஆகவே முகவரியைப் படிக்கத் தெரிய வேண்டும். தளத்தின் பெயர், அதில் வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன் முடிகிறது. அங்கிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள். கர்நாடக அரசின் சேவாசிந்து தளம் "கர்நாடகா.ஜிஓவி.இன்" என்று முடியும். "ஜிஓவி.இன்" அரசு அமைப்புகளுக்கு மட்டுமே உரியது. அந்த எழுத்துகள் நடுவில் இருந்து, முடிவில் "காம்" என்றிருந்தால் அது அரசுத் தளம் அன்று. வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் "பேங்க்.இன்" என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என ரிசர்வ் வங்கி உத்தரவிட்டதும் இந்த அடையாளத்துக்காகவே.

"எச்டிடிபிஎஸ்" என்று இருந்தால் போதும் என்பாரும் உளர். வழியில் பிறர் படிக்க முடியாது என்பதே அதன் பொருள். தளத்துக்காரர் நல்லவர் என்பதற்கு அது சான்று ஆகாது.

மோசடி நடந்துவிட்டால் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

மாதம் ஒரு ஞாயிறு, சங்கத்தில் பேரப்பிள்ளைகள் நமக்கு இவற்றைச் சொல்லித் தரட்டும். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கும் அவர்களுக்கு உலாவி, தேடுபொறி, இணைப்பு என்ற தமிழ்ச் சொற்களை நாம் சொல்லித் தருவோம். இரு தரப்புக்கும் லாபம்.