707 குதிரைவலு, வாக்கு மட்டும் இல்லை



போன மாதக் கூட்டம் முடிந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தோழர் கைபேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டினார். டொட்ஜ் சலஞ்சர் ஹெல்கட். 6.2 லீற்றர் வி8, சுப்பர்சார்ஜர், கொம்பனி கொடுத்தது 707 குதிரைவலு. அது காணாதென்று எக்ஸோஸ்ட் மாற்றி, ஸ்பிரிங் இறக்கி, எஞ்சின் கணினியிலும் கை வைத்து, எல்லாவற்றையும் வாகனப் பத்திரத்தில் பதிந்து, எம்.எஃப்.கே.யும் புதிதாக எடுத்த கார். விற்கிறவர் ஆர்காவ் மாநிலத்துத் தமிழ்ப் பெடியன். காரணம்: "குடும்பத் தேவை".

மேசையில் பெரிய சிரிப்பு. "மூளை இல்லாததுகள்" என்றார் ஒருவர். "அம்மா கிளீனிங்குக்குப் போறா, மகன் ஹெல்கட்டில போறான்" என்றார் இன்னொருவர். இந்தச் சிரிப்புக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. அந்தக் காருக்கு வக்காலத்து வாங்க நான் வரேல்லை. சுவிஸில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆக்கள் வரம்பு மீறின றோட்டுச் சத்தத்துக்குள் வாழுகினம் என்பது அரசாங்கத்தின்ர சொந்தக் கணக்கு. ஆர் அவை? பெரிய றோட்டோரம்தான் வாடகை குறைவு. அங்கே இருக்கிறது எங்கட ஆக்கள், எரித்திரியாக்காரர், போர்த்துக்கீசர். இரவு வேலை முடித்துப் படுத்திருக்கிற முதியோர் இல்லத் தாதியின் நித்திரையைத்தான் அந்த எக்ஸோஸ்ட் முதலில் கலைக்கும். மலைச்சரிவில் தோட்டத்தோடு வீடு வைத்திருக்கிறவருக்கு அது கேட்காது. வேகத்தால் சாகிறவர்களிலும் பாதசாரிகள் இருக்கினம், பிள்ளைகள் இருக்கினம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அந்த மேசையில் ஒருவரும் சத்தத்தைப் பற்றியோ காபனைப் பற்றியோ கதைக்கவில்லை. சிரித்தது தாயின் வேலையைச் சொல்லி. சூரிச் ஏரிக்கரையில் போர்ஷ ஓடுகிற வக்கீலைப் பார்த்து "உங்கட அம்மா என்ன வேலை?" என்று நாங்கள் கேட்டதில்லை. கிளீனிங்காரியின் மகன் ஆசைப்பட்டால் மட்டும் அது மூளைக்கோளாறு. இடதுசாரி என்று சொல்லிக்கொண்டு இந்தச் சிரிப்பைச் சிரிக்க முடியாது.

அந்தக் கார் எங்கே இருந்து வந்தது என்று பாருங்கோ. முதல் சலஞ்சர், 1970 மாடல், செய்யப்பட்ட இடங்களில் ஒன்று டெட்ரோயிட்டை ஒட்டின ஹம்ட்ராமிக் நகரத்தில் இருந்த 'டொட்ஜ் மெயின்' தொழிற்சாலை. அதே தொழிற்சாலையில் 1968 மே மாதம் தொழிலாளர் திடீரென்று வேலையை நிறுத்தினார்கள். காரணம் வேகம். அசெம்பிளி லைனின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனது நிர்வாகம். கறுப்பினத் தொழிலாளரும் வெள்ளையினத் தொழிலாளரும் சேர்ந்துதான் வெளியே வந்தார்கள். தண்டனையின் பாரம் விழுந்தது கறுப்பினத்தவர் மேல். ஜெனரல் பேக்கர் வேலையை இழந்தார். தொழிற்சங்கத் தலைமையையும் நம்ப முடியாது என்று கண்ட கறுப்பினத் தொழிலாளர், 'டொட்ஜ் புரட்சிகரத் தொழிற்சங்க இயக்கம்' என்று தாங்களே ஒன்றைத் தொடங்கினார்கள். விளம்பரத்தில் "சுதந்திரம்" என்று விற்கப்பட்ட வேகம், லைனில் நின்றவனின் முதுகில் இருந்து எடுக்கப்பட்ட வேகம்.

புதிய சலஞ்சர், ஹெல்கட் உட்பட, அமெரிக்காவிலேயே பொருத்தப்பட்டதும் இல்லை. கனடாவில், ஒன்ராறியோவின் பிரம்டன் நகரத்தில் செய்தார்கள். எங்கட மச்சான், மச்சாள்மார் இருக்கிற அதே பிரம்டன். 2023 டிசம்பரில் கடைசிக் கார் இறங்கியது. அடுத்து ஜீப் கொம்பஸ் வரும் என்று தொழிலாளருக்குச் சொல்லப்பட்டது. 2025 ஒக்ரோபரில் அந்த வேலையை அமெரிக்காவின் இலினோய் மாநிலத்துக்கு மாற்றுவதாகக் கொம்பனி அறிவித்தது. "அமெரிக்கத் தசைக் கார்" என்ற பெயருக்குள் இருந்த தசை ஆருடையது, அது வேண்டாம் என்றானதும் என்ன நடந்தது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

சுவிஸுக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. ஜெனரல் மோட்டோர்ஸ் 1936 முதல் 1975 வரை பீல் நகரத்தில் கார் பொருத்தியது. ஆர்காவில், அந்தப் பெடியனின் மாநிலத்திலேயே, ஷின்ஸ்னாக்-பாட் ஊரில் 1949 முதல் 1972 வரை கிறைஸ்லர் குழுமத்தின் பிளிமத், டொட்ஜ் கார்களைப் பொருத்தினார்கள். பிறகு எண்ணெய் நெருக்கடி, பொருளாதார வீழ்ச்சி. பீல் மூடப்பட்ட அந்த ஆண்டுகளில் சுவிஸில் வேலையில்லாதோர் தொகை பெரிதாக ஏறவில்லை. எப்படி? ஆண்டு அனுமதியிலும் பருவகால அனுமதியிலும் இருந்த இத்தாலியரையும் ஸ்பானியரையும் திருப்பி அனுப்பினார்கள். வேலை போனது, கூடவே அனுமதியும் போனது. வேலையில்லாப் பிரச்சினையை இந்த நாடு ரெயில் ஏற்றி ஏற்றுமதி செய்தது. 1983க்குப் பிறகு எங்கட அப்பா அம்மாக்கள் வந்து சேர்ந்த நாடு அதுதான். உணவகச் சமையலறையில் அவைக்குக் கிடைத்த இடம், முன்னர் வந்தவர் நின்ற இடம்.

இப்போது அந்தப் பெடியனிடம் வருவோம். அவன் வாங்கியது என்ன? பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடம் பிள்ளைகளைத் தரம் பிரித்துவிடுகிறது. தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டால் பெயரைப் பார்த்தே கடிதம் திரும்புது. இங்கேயே பிறந்தவன், ஆனால் வாக்குச்சீட்டு வீட்டுக்கு வராது. றோட்டில் மட்டும் அவன் வந்தால் எல்லாரும் திரும்பிப் பார்க்கினம். மரியாதைக்குப் பதிலாக விற்கப்படுகிற பொருள் அது. அதைத் தவணைமுறையில் வாங்கியிருக்கிறான்.

விலையை முழுதாகக் கூட்டிப் பாருங்கோ. வங்கிக் கடனுக்கு வட்டி. தவணை தவறினால் பெத்ரைபுங். அந்தப் பத்திரத்தில் ஒரு வரி விழுந்தால் வீடு எடுப்பதும் கஷ்டம், குடியுரிமையும் கஷ்டம். காப்புறுதிக் கொம்பனிகள் கட்டணம் போடும்போது பாஸ்போர்ட் எந்த நாடு என்று கேட்கலாம். இந்த நாட்டில் அது சட்டப்படி செல்லும். ஒரே கார், ஒரே றோட்டு, ஒரே வயது, வேறு கட்டணம்.

அடுத்தது வேகச் சட்டம். 2013 ஜனவரியில் இருந்து, 50 கி.மீ. வலயத்தில் 100இல் ஓடினால் அது குற்றச்செயல். நாலு வருடம் வரை சிறை. 2023 ஒக்ரோபரில் முதல்தடவைக்காரருக்குக் கொஞ்சம் தளர்த்தினார்கள். சட்டம் தேவை என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் ஒரு வருடத்துக்கு மேல் தண்டனை விழுந்தால், அது ஒத்திவைத்த தண்டனையாக இருந்தாலும், சி அனுமதியைப் பறிக்க அது காரணமாகலாம். சுவிஸ் பாஸ்போர்ட்காரன் தண்டனையோடு வீட்டுக்குப் போகலாம். இவனிடம் "எந்த வீடு?" என்று கேட்கப்படும்.

பெரியாக்களுக்கும் ஒன்று சொல்லவேணும். பெடியனைப் பார்த்து "ஆடம்பரம்" என்று தலையாட்டுகிறவர்கள்தான் சாமத்தியவீட்டுக்கு நீளக் கார் வாடகைக்கு எடுத்து, வீடியோக்காரனை முன்னால் ஓடவிட்டவர்கள். ஊரில் இழந்த மதிப்பை மண்டபத்தில் மீட்கப் பார்த்தார்கள். மகன் அதை றோட்டில் மீட்கப் பார்க்கிறான். பாடம் வீட்டில்தான் படித்தது.

அப்ப நாங்கள் செய்யவேண்டியது என்ன? இந்த நாட்டில் வாழ்கிறவர்களில் நாலில் ஒரு பங்குக்கு மேல் குடியுரிமை இல்லாதவர்கள். ஐந்து வருடம் சட்டப்படி வாழ்ந்தவருக்குக் குடியுரிமை பெற உரிமை வேண்டும் என்று கேட்கிற 'ஜனநாயக முன்மொழிவு' 2024 நவம்பரில் பேர்ணில் கையளிக்கப்பட்டது. அதன் பின்னால் இருக்கிற அமைப்பின் பெயரே "நாலில் நாலு" என்ற பொருளில்தான். நொசத்தெல், ஜூரா மாநிலங்களில் வெளிநாட்டவர் மாநிலத் தேர்தலில் வாக்களிக்கினம். வானம் இடிந்து விழவில்லை. ஆர்காவிலும் சூரிச்சிலும் ஏன் முடியாது?

இந்தக் கேள்வியை வாசிப்பு வட்டத்துக்குள் வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பதில் பிரயோசனமில்லை. சனிக்கிழமை பின்னேரங்களில் கார் கழுவுகிற இடங்களுக்கும் கராஜ்களுக்கும் போவோம். துண்டுப்பிரசுரத்தோடு மட்டும் போகவேண்டாம். கடன் ஒப்பந்தத்தை வாசித்துச் சொல்லத் தெரிந்த ஒருவரையும், குடியுரிமைப் படிவம் நிரப்பத் தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு போவோம். டெட்ரோயிட் கதையையும் அங்கே சொல்லுவோம்; அது எங்களைவிட அவர்களுக்கு நன்றாக விளங்கும், எஞ்சினைப் பிரித்துப் பூட்டின கைகள் அவை. எங்களில் சுவிஸ் பாஸ்போர்ட் வைத்திருக்கிறவர்கள் வாக்கெடுப்பு நாளில் வீட்டில் இருக்கக்கூடாது.

அந்தப் பெடியன்கள் எங்கட எதிரியும் இல்லை, பகிடியும் இல்லை. இன்னும் நாங்கள் போய்ச் சந்திக்காத தோழர்கள்.