வண்டி வாடகைக் கம்பெனியில் முதல் போடுமுன்



அண்மைக் காலமாக நம் கடைவீதியில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. "வண்டியை உங்கள் பேரில் வாங்கிக் கொடுங்கள். நாங்கள் வாடகைக்கு ஓட்டிக்கொள்கிறோம். மாதாமாதம் பணம் உங்கள் கணக்கில் விழும். நாலு வருடம் கழித்து வண்டியும் உங்களுக்கே சொந்தம்" என்று ஆட்கள் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். முதலில் வாடகைக் கார் என்றார்கள், பிறகு மின்சாரக் கார் என்றார்கள். இப்போது படுக்கை, அடுப்படி, கழிப்பறை எல்லாம் உள்ளேயே வைத்த கேரவன் வேன் வரை வந்துவிட்டது. கேரளத்தில் 2021-ல் அரசாங்கமே கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்ததை எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள்.

இதில் நம்மவர்கள் மனம் சாய்வதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழி, பக்கத்துக் கிராமங்கள் எல்லாம் மழையை நம்பிய மானாவாரிப் பூமி. மல்லியும் மிளகாயும் பருத்தியும் விளைந்தால்தான் கடையில் ரொக்கம் புரளும். ஒரு வருடம் பொய்த்தால் பற்று ஏறிக்கொண்டே போகும். பெரிய ஊர் சூப்பர் மார்க்கெட்டும் செல்போன் ஆர்டரும் ஒரு பக்கம் இழுக்கின்றன. அரிசியிலும் எண்ணெயிலும் நிற்கிற லாபம் மிகச் சொற்பம். இந்த நிலையில் "உட்கார்ந்த இடத்தில் மாதம் இருபதாயிரம்" என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஒரு மொத்த வியாபாரியாக எனக்கும் இதில் அக்கறை உண்டு, அதில் சுயநலமும் உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். சில்லறைக் கடையின் முதல் வெளியே போனால் அது முதலில் தெரிவது எங்கள் பேரேட்டில்தான். பதினைந்து நாளில் வர வேண்டிய பணம் நாற்பத்தைந்து நாளாகும். அடுத்த லோடு குறையும். அலமாரியில் சரக்கு இல்லாத கடைக்கு வாடிக்கையாளர் மறுமுறை வரமாட்டார். ஒரு கடை இப்படி நலிந்தால் அதற்குச் சரக்கு கொடுத்த நாலு பேரும் சேர்ந்தே நலிகிறோம். அதனால்தான் இந்தத் தொழிலின் கணக்கைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

வண்டி வாடகைத் தொழிலுக்கு இரண்டு வரவு. ஒன்று, மாத வாடகை. மற்றொன்று, சில வருடம் ஓட்டியபின் வண்டியை விற்று வரும் பணம். வாடகையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். உண்மையில் லாபமா நஷ்டமா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

ஓர் உதாரணக் கணக்கு பார்ப்போம். வண்டி விலை 10 லட்சம். முழுவதும் வங்கிக் கடன், 10 சதவீத வட்டி, நாலு வருடத் தவணை. மாதத் தவணை சுமார் 25,360 ரூபாய் வரும். கம்பெனி கொடுப்பதாகச் சொல்லும் வாடகை 22,000. மாதம் 3,360 ரூபாய் கைப்பணம் போட வேண்டும். நாலு வருடத்தில் அது சுமார் 1,61,000 ஆகிறது. கடைசியில் வண்டி 4 லட்சத்துக்கு விற்றால் மிச்சம் சுமார் 2,39,000. அதே வண்டி ஒன்றரை லட்சத்துக்குத்தான் போகும் என்றால் சுமார் 11,000 நஷ்டம். வாடகை ஒரு மாதம்கூடத் தவறவில்லை, ஆனாலும் நஷ்டம்!

வாடகை பதினெட்டாவது மாதத்தோடு நின்றுவிட்டால்? வங்கிக்கு இன்னும் சுமார் 6,70,000 அசல் பாக்கி இருக்கும். ஓடித் தேய்ந்த அந்த வண்டியை 5 லட்சத்துக்குத்தான் கேட்பார்கள் என்றால், மீதி 1,70,000 கடைக் கல்லாவிலிருந்துதான் போக வேண்டும். இன்சூரன்ஸ், டயர், பழுதுச் செலவு எதையும் நான் இதில் சேர்க்கவில்லை.

பழைய வண்டியின் விலை நம் கையில் இல்லை. மல்லி வியாபாரம் செய்கிறவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாசியில் புது மல்லி வரத்து தொடங்கினால் குடோனில் கிடக்கும் பழைய மல்லியின் விலை தானே இறங்கும். வண்டிக்கும் அதே கதிதான். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கும் சரக்கு வாகனங்களுக்கும் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. புது வண்டி வாங்குகிறவருக்கு அது நல்ல செய்தி. அதற்கு முந்தைய மாதம் வாங்கியவரின் வண்டியோ ஓடாமல் நின்ற இடத்திலேயே மதிப்பிழந்தது. புது மாடல், புதுப் புகைவிதி, புது பேட்டரி என எது வந்தாலும் அடி விழுவது பழைய வண்டியின் மீதுதான்.

உலகத்தின் பெரிய கம்பெனிகளும் இந்த இடத்தில்தான் வழுக்கின. அமெரிக்காவின் ஹெர்ட்ஸ் கம்பெனி 1918-ல் தொடங்கியது. கொரோனாவில் வாடகை நின்று, 2020 மே மாதம் திவால் மனு கொடுத்தது. அடுத்த வருடம் பழைய கார்களின் விலை ஏறவே, எழுந்து நின்றது. பிறகு ஒரு லட்சம் டெஸ்லா மின்சாரக் கார்கள் வாங்கப்போவதாக 2021 அக்டோபரில் அறிவித்தது. 2023-ல் டெஸ்லா தன் புதுக் காரின் விலையைப் பலமுறை குறைத்தது. ஹெர்ட்ஸ் வைத்திருந்த கார்களின் மதிப்பு சரிந்தது. 2024 ஜனவரியில் 20,000 மின்சாரக் கார்களை விற்றுத் தீர்ப்பதாகச் சொன்னது. அந்த ஆண்டின் நஷ்டம் சுமார் 290 கோடி டாலர். நியூசிலாந்தில் கேரவன் வேன் வாடகைக்கு விடும் பெரிய நிறுவனமான டூரிசம் ஹோல்டிங்சும், ஓட்டிய வேன்களை விற்றே வரவின் ஒரு பகுதியைப் பார்க்கிறது. கொரோனாவுக்குப் பின் உயர்ந்திருந்த பழைய வேன் விலை இறங்கி விற்பனை மந்தமானதும் அதன் லாபமும் சுருங்கியது. கேரவன் வேனில் இன்னொரு சங்கடமும் உண்டு. சாதாரணக் காரை வாங்க ஊருக்கு நூறு பேர் இருப்பார்கள். அடுப்படி வைத்த வேனை நம் மாவட்டத்தில் எத்தனை பேர் வாங்குவார்கள்?

நம் நாட்டிலேயே கண்ணெதிரே நடந்தது ப்ளூஸ்மார்ட் விவகாரம். 2019-ல் டெல்லிப் பக்கம் தொடங்கி, பெங்களூரு, மும்பை வரை மின்சார வாடகைக் கார் ஓட்டிய நிறுவனம் அது. அதற்குக் கார்களைக் குத்தகைக்குக் கொடுத்தது அகமதாபாத்தின் ஜென்சால் நிறுவனம். 6,400 கார்கள் வாங்குவதற்காக இரண்டு மத்திய அரசு நிறுவனங்களிடம் 663.89 கோடி கடன் பெற்று, 4,704 கார்கள் மட்டுமே வாங்கியது என்றும், 262 கோடிக்குக் கணக்கு இல்லை என்றும் செபி 2025 ஏப்ரல் 15 அன்று இடைக்கால உத்தரவில் சொன்னது. அந்த வாரமே கார்கள் நின்றன. 2024-ல் ஆயிரம் ரூபாய்க்கு மேல் விற்ற ஜென்சால் பங்கு, 2025 மே மாதம் நூறு ரூபாய்க்கும் கீழே போனது. ஜூனில் விவகாரம் திவால் தீர்ப்பாயத்துக்குப் போய்விட்டது.

தனி நபர்கள் கார் வாங்கி ப்ளூஸ்மார்ட்டுக்குக் குத்தகைக்கு விடும் திட்டமும் இருந்தது. வரவு நின்ற அன்று அவர்கள் கையில் மிஞ்சியது கார் மட்டும்தான். ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரியான கார்கள் ஒரே நேரத்தில் ஓட்டமின்றி நின்றால் சந்தையில் என்ன விலை கேட்பார்கள் என்பது வியாபாரிக்குத் தெரியும். கம்பெனி நன்றாக ஓடும்போது வண்டியை விற்கத் தேவை இருக்காது. கம்பெனி விழும்போது எல்லோரும் சேர்ந்து விற்க வருவார்கள். இந்தத் தொழிலின் பெரிய ஆபத்து இதுதான்.

ஆகவே, யாராவது ஒப்பந்தத்தை நீட்டினால் கையெழுத்துப் போடுமுன் சில கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, நாலு வருடம் கழித்து வண்டியை என்ன விலைக்குக் கம்பெனியே எடுத்துக்கொள்ளும்? அதை எழுத்தில் தருமா? "அப்போதைய மார்க்கெட் விலை" என்று மட்டும் எழுதினால் விலை இறக்கம் முழுவதும் உங்கள் தலையில்தான்.

இரண்டாவது, வாடகை எங்கிருந்து வருகிறது? வண்டி மாதம் எத்தனை நாள் ஓடுகிறது என்ற கணக்கைக் காட்டுவார்களா? ஓட்டம் இல்லாமல் வாடகை மட்டும் வந்தால், உங்களுக்குப் பின்னால் சேர்ந்தவரின் பணம் உங்களுக்கு வருகிறது என்று பொருள்.

மூன்றாவது, வண்டிக்கு என்ன பெர்மிட்? சொந்த உபயோகத்துக்கான வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு விடச் சட்டம் இடம் தருவதில்லை. விபத்து என்றால் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கலாம். ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதோ உங்கள் பெயர்.

நான்காவது, வண்டி எங்கே நிற்கிறது என்று நீங்கள் எப்போதும் பார்க்க முடியுமா? மாத வாடகை தருவதாகச் சொல்லிக் காரை வாங்கிப் போய் அடமானம் வைத்துவிட்ட வழக்குகளை நாளிதழ்களில் அடிக்கடி படிக்கிறோம்.

ஏமாந்தால் புகார் கொடுக்கப் பொருளாதாரக் குற்றப் பிரிவு இருக்கிறது. தமிழ்நாட்டில் முதலீட்டாளர் நலன் காக்க 1997-லேயே தனிச் சட்டம் வந்தது. ஆனால் வழக்கு நடந்து, சொத்து ஏலமாகி, பணம் கைக்கு வர ஆண்டுகள் ஆகின்றன. கடைக்காரனின் முதல் அத்தனை ஆண்டு காத்திருக்க முடியாது. அதற்குள் மூன்று தீபாவளி போய்விடும்.

வண்டித் தொழிலே கூடாது என்று நான் சொல்லவில்லை. லாரித் தொழிலில் முன்னுக்கு வந்த ஊர்கள் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன. அவர்கள் வண்டியின் இஞ்சின் சத்தத்தைக் கேட்டே விலை சொல்லத் தெரிந்தவர்கள். நமக்குத் தெரிந்தது மிளகாய் வற்றலைக் கையில் எடுத்தவுடன் ஈரம் சொல்வது. தெரியாத தொழிலில் போடுவதானால், போனாலும் கடை நிற்கும் என்கிற அளவுக்கு மட்டும் போடுங்கள். கடன் வாங்கிப் போடாதீர்கள். கொள்முதல் பணத்தைத் தொடாதீர்கள்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். இப்படிப்பட்ட ஒப்பந்தம் எதுவானாலும் உறுப்பினர்கள் அதைச் சங்கத்துக்குக் கொண்டுவந்து காட்டலாம் என்று ஓர் ஏற்பாடு செய்ய வேண்டும். ஒரு ஆடிட்டரும் ஒரு வக்கீலும், பழைய வண்டி வாங்கி விற்கும் நம்மூர் அன்பர் ஒருவரும் மாதம் ஒருநாள் உட்கார்ந்தால் போதும். வண்டி நாலு வருடத்தில் என்ன விலைக்குப் போகும் என்பதை அந்த மூன்றாமவர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். அந்த விலையைக் கேட்ட பிறகும் கணக்கு ஒத்துவந்தால் தாராளமாகச் சேருங்கள்.