ஆட்டிசம் கொண்ட மாணவர்கள்: சிறப்பாசிரியர் நியமனம் மட்டும் போதுமா? வகுப்பாசிரியர் பயிற்சியில் நீடிக்கும் இடைவெளி

மும்பை: மாற்றுத்திறன் கொண்ட மாணவர்களுக்கான சிறப்பாசிரியர் பணியிடங்களை அறிவித்து, அவற்றை நிரப்பும் பணியைத் தொடங்குமாறு உச்ச நீதிமன்றம் 2025 மார்ச் 7 அன்று அனைத்து மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. இதே வழக்கில் 2021 அக்டோபர் 28 அன்று தீர்ப்பு வழங்கப்பட்டு மூன்றாண்டுகளுக்கு மேலாகியும் பெரும்பாலான மாநிலங்கள் அதனைச் செயல்படுத்தாததே இரண்டாவது உத்தரவுக்குக் காரணம். ஆனால், 2021 தீர்ப்பின் மற்றொரு பகுதி அதிகம் பேசப்படவில்லை. பொதுப் பள்ளிகளின் மற்ற ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் கட்டாயப் பயிற்சி அளிக்க வேண்டும் என்பதே அது.

இந்த இடைவெளி எத்தகையது என்பதை மும்பையின் தேவ்நார் பகுதியில் தெளிவாகக் காணலாம். டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் வளாகம் 1954 முதல் இங்குதான் இயங்கி வருகிறது. மாற்றுத்திறன் குறித்த ஆய்வும் கல்வியியல் படிப்பும் நடைபெறும் அந்த வளாகத்திலிருந்து சிறிது தொலைவில், 1927 முதல் நகரின் குப்பை கொட்டப்பட்டு வரும் கிடங்கு உள்ளது. அதனைச் சுற்றியுள்ள குடிசைப் பகுதிகளை உள்ளடக்கிய 'எம் கிழக்கு' வார்டு, 2009ஆம் ஆண்டு மும்பை மனித மேம்பாட்டு அறிக்கையில் நகரின் கடைசி இடத்தில் இருந்தது. இங்குள்ள குடும்பங்களில் பலவற்றுக்கு மாநகராட்சிப் பள்ளியே எட்டக்கூடிய கல்வி வாய்ப்பு. தனியார் சிகிச்சை மையத்தின் கட்டணம் அவர்களின் வருவாய்க்கு அப்பாற்பட்டது. ஆகவே, ஆட்டிசம் கொண்ட ஒரு குழந்தைக்குக் கிடைக்கக்கூடிய முதல் நிபுணர், பெரும்பாலும் அதன் வகுப்பாசிரியர்தான்.

அந்த ஆசிரியருக்குக் கிடைத்திருக்கும் பயிற்சி எவ்வளவு? தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளுக்குப் பின் பி.எட். பாடத்திட்டத்தில் உள்ளடக்கிய பள்ளி குறித்த தாள் ஒன்று இடம்பெற்றது. அனைத்து வகை மாற்றுத்திறன்களும் அந்த ஒரே தாளுக்குள் அடங்க வேண்டும். பணியில் இருப்போருக்கு 2019இல் தொடங்கப்பட்ட 'நிஷ்டா' பயிற்சியில் இப்பொருள் ஓர் அங்கம் மட்டுமே. ஆட்டிசத்தைத் தனியாகக் கற்பிக்கும் பட்டயப் படிப்புகள் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் கீழ் வருகின்றன. அவற்றைப் படிப்பவர்கள் சிறப்பாசிரியர்களாகவே வெளிவருகின்றனர். பொது ஆசிரியர் கல்வி ஓர் அமைப்பின் கீழும், சிறப்புக் கல்வி மற்றோர் அமைப்பின் கீழும் இருப்பதால், இரு தரப்பினரும் ஒரே வகுப்பறையில் சேர்ந்து பணியாற்றப் பழகும் வாய்ப்பு படிப்புக் காலத்தில் அரிதாகவே கிட்டுகிறது.

விகிதக் கணக்கும் கவனிக்கத்தக்கது. 2021 தீர்ப்பில் தற்காலிக ஏற்பாடாக, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு ஆகியவற்றைக் கொண்ட ஐந்து மாணவர்களுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்ற அளவு ஏற்கப்பட்டது. 2022இல் மத்திய அரசு வகுத்த நெறியோ, தொடக்க நிலையில் பத்து மாணவர்களுக்கு ஒருவர், உயர் தொடக்க நிலையில் பதினைந்து மாணவர்களுக்கு ஒருவர் என்று அமைந்தது. ஒரு பள்ளியில் இத்தகைய மாணவர்கள் இரண்டு அல்லது மூன்று பேர் மட்டுமே இருந்தால், சிறப்பாசிரியர் பல பள்ளிகளுக்குச் சென்று வருபவராக இருப்பார். தீர்ப்பே இந்த ஏற்பாட்டைக் குறிப்பிடுகிறது. எனில், அவர் வராத நாட்களில் குழந்தை யாருடைய பொறுப்பு என்ற கேள்விக்கு விடை வகுப்பாசிரியரிடமே வந்து நிற்கிறது.

தமிழ்நாட்டின் நிலையும் பெரிதும் மாறுபட்டதல்ல. வட்டார வள மையங்களைச் சார்ந்து பள்ளிகளுக்குச் சென்று வரும் சிறப்புப் பயிற்றுநர்கள் தொகுப்பூதியத்தில் பணியாற்றுகின்றனர். பணி நிரந்தரம் கோரி அவர்கள் பலமுறை போராடியுள்ளனர்.

வகுப்பாசிரியர் அறிந்திருக்க வேண்டியவை எட்டாத அறிவியல் அல்ல. நாளின் நிகழ்வுகளைப் படங்களாகச் சுவரில் வரிசைப்படுத்துவது, ஒரு நேரத்தில் ஒரே கட்டளையைச் சுருக்கமாகக் கூறுவது, மணியொலிக்கும் இரைச்சலுக்கும் காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தைக்கு ஓர் அமைதியான மூலையை ஒதுக்குவது போன்றவை அதிகச் செலவு வைக்காதவை. கடினமானது வேறு. கேட்ட சொல்லையே திரும்பச் சொல்லும் குழந்தை கேலி செய்யவில்லை என்பதையும், தரையில் விழுந்து அலறும் குழந்தை அடம்பிடிக்கவில்லை என்பதையும் நெரிசலான வகுப்பின் நடுவே அந்த நொடியில் உணர்வதுதான் கடினம். இதனை அரங்கில் அமர்ந்து திரைக்காட்சி பார்த்துக் கற்க இயலாது. அனுபவமுள்ள ஒருவர் வகுப்பிலேயே உடனிருந்து காட்ட வேண்டும். மாநிலங்களின் பயிற்சித் திட்டங்களில் மிகவும் குறைவாக இருப்பது இதுவே.

இதற்கான முன்மாதிரி மும்பையிலேயே உண்டு. மிது அலூர் 1972இல் நிறுவிய இந்திய ஸ்பாஸ்டிக்ஸ் சங்கம் (தற்போது 'அடாப்ட்'), 1999இல் உள்ளடக்கத்திற்கான தேசிய வள மையத்தைத் தொடங்கியது. தாராவி உள்ளிட்ட குடிசைப் பகுதிகளின் பால்வாடிகளில் மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளை மற்ற குழந்தைகளோடு அமர்த்தி, அப்பகுதிப் பணியாளர்களையே பயிற்றுவித்தது. எனினும், அது ஒரு தொண்டு அமைப்பின் முயற்சி. ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் சட்டக் கடமை அரசுக்கே உரியது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு அதனைக் கூறுகிறது. ஆட்டிசம் உள்பட 21 வகைகளை அங்கீகரித்ததும் அச்சட்டமே. முந்தைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெறவில்லை.

எண்ணிக்கை தெரியாமல் திட்டமிடுவது மற்றொரு சிக்கல். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆட்டிசத்திற்குத் தனிப் பிரிவு இல்லை. மாணவர்களிடம் குறைபாட்டின் அறிகுறிகளை ஆசிரியர்களே முதற்கட்டமாகக் கண்டறிய 2022இல் 'பிரசஸ்த்' செயலி அறிமுகப்படுத்தப்பட்டது. பயிற்சியற்ற கண்ணுக்குச் செயலி மட்டும் எந்த அளவுக்கு உதவும் என்பது ஐயத்திற்குரியது.

தேவ்நார் வட்டாரத்திற்கு மொழி என்ற கூடுதல் சுமையும் உண்டு. 1976இல் ஜனதா காலனியிலிருந்து அகற்றப்பட்டவர்களுக்காக உருவான சீத்தா கேம்ப்பில் தமிழ்க் குடும்பங்கள் பெருமளவில் வாழ்கின்றன. அங்கு வளரும் குழந்தை வீட்டில் தமிழும், தெருவில் இந்தியும், பள்ளியில் மராத்தியோ ஆங்கிலமோ கேட்கிறது. பேச்சு தாமதமானால், வீட்டு மொழியைக் கைவிடுமாறு பெற்றோருக்கு அறிவுரை கூறப்படுவது புதிதல்ல. இருமொழிச் சூழல் ஆட்டிசம் கொண்ட குழந்தைகளின் மொழி வளர்ச்சிக்கு ஊறு செய்வதில்லை என்பதே இதுவரையிலான ஆய்வுகளின் பொதுவான முடிவு. மும்பை மாநகராட்சி தமிழ் உள்பட எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்துகிறது. புதிதாக நியமிக்கப்படும் சிறப்பாசிரியர்களில் எத்தனை பேர் அம்மொழிகளை அறிந்திருக்க வேண்டும் என்பதை மாணவர் எண்ணிக்கையை மட்டும் கொண்ட விகிதக் கணக்கு சொல்வதில்லை.