பட்டியலில் மனோகரன் எங்கே?

2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. இப்போது கல்வராயன் மலைக்கென்றே ஒரு தாலுகா, வெள்ளிமலையில் அதன் அலுவலகம். நல்லதுதான். ஆனால் அங்கே ஒட்டப்படும் பெயர்ப் பட்டியலில் மலைக்காரர் ஒருவருக்குத் தன் பெயரே அகப்படாவிட்டால்?

ஒரு சின்னச் சோதனை. மல்லிகா, மனோகரன், மணி. இதை அகர வரிசையில் எழுதச் சொன்னால் ஐந்தாம் வகுப்புப் பையன் மணி, மல்லிகா, மனோகரன் என்று எழுதுவான். 'ன' கடைசி மெய் ஆயிற்றே! எழுத்தின் எண்ணை மட்டும் பார்க்கும் தரவுத்தளத்தில் 'ஆர்டர் பை' கொடுத்தால் மணி, மனோகரன், மல்லிகா என்று வரும். காரணம், யூனிகோடு அட்டவணையில் 'ந'வை அடுத்தே 'ன' உட்கார்ந்திருக்கிறது. 'ர'வை அடுத்து 'ற'. 'ழ'வுக்கு முன்னால் 'ள'. நூறு பக்கப் பட்டியலில் மல்லிகாவுக்குப் பிறகு தேடும் மனோகரன், பேரே இல்லை என்று ஊருக்குத் திரும்பிவிடுவார்.

தமிழ் வரிசை வைத்தால் வேகம் குறையும் என்பது வழக்கமான பதில். இது பாதி உண்மை. பத்து லட்சம் வரிகளையும் படித்து, பிறகு அடுக்கினால் எந்த சர்வரும் திணறும். பெயர்கள் ஏற்கெனவே வரிசையில் இருந்தால் இருபது ஒப்பீட்டில் ஒரு பெயரை எட்டிவிடலாம். இண்டெக்ஸ் செய்யும் வேலை இதுதான். பேயரும் மெக்ரைட்டும் 1972-ல் வெளியிட்ட பி-ட்ரீ இன்றும் இதற்குத்தான் உழைக்கிறது.

கோளாறு வேறிடத்தில். இண்டெக்ஸ் ஒரு வரிசையில், வினவல் வேறு வரிசையில் என்றால் அந்த இண்டெக்ஸ் இருந்தும் பயனில்லை, தரவுத்தளம் எல்லாவற்றையும் மறுபடி அடுக்கும். அந்தத் தாமதத்துக்குப் பழி தமிழின் மேல்!

தீர்வு எளிது. தாலுகா, கிராமம், பெயர் என்று தேடும் முறைப்படியே ஒரே இண்டெக்ஸ், பெயருக்குத் தமிழ் கொலேஷன். போஸ்ட்கிரெஸ் 10 வந்த 2017-லிருந்தே இதற்கான ஐசியூ வசதி அதில் உண்டு. வினவலிலும் அதே கொலேஷன் இருக்க வேண்டும். 'எக்ஸ்பிளெய்ன்' போட்டுப் பார்த்தால் இண்டெக்ஸ் பயன்படுகிறதா என்று தெரிந்துவிடும். கண்ட காலத்துக்கெல்லாம் இண்டெக்ஸ் போடுவதும் தப்பு, புதிய வரி சேர்க்கும்போதெல்லாம் அத்தனையையும் திருத்த வேண்டிவரும்.

முதலில் சரியான வரிசை, பிறகு அந்த வரிசைக்கு வேகம். தவறான பட்டியல் ஒரு நொடியில் வந்து மனோகரனுக்கு என்ன லாபம்?